'பிகின் அகெய்ன்' படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் பார்த்து முடித்த கையோடு நாலைந்து கேள்விகளோடு திரும்பி வருவார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பயப்படாமல் படிக்கலாம். முடிவைப் பற்றிப் பேசும் இடம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இது எந்தப் படம்? யார் எடுத்தது?

ஐரிஷ் இயக்குநர் ஜான் கார்னி எழுதி இயக்கிய ஆங்கிலப் படம். கதை முழுக்க நியூயார்க் நகரத்தில் நடக்கிறது. 2013 செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிட்டபோது இதற்கு வேறு பெயர்: 'கேன் எ சாங் சேவ் யுவர் லைஃப்?' ஒரு பாட்டு உங்கள் உயிரைக் காப்பாற்றுமா என்று பொருள். 2014 கோடையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது 'பிகின் அகெய்ன்' ஆகிவிட்டது. புதுப் பெயர் சொல்வதற்கு எளிது. ஆனாலும் எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும். படம் கேட்கும் கேள்வி அதில் அப்படியே இருந்தது.

கார்னி முன்பு 'தி ஃப்ரேம்ஸ்' என்ற டப்ளின் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். இசைக்கலைஞர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவார்கள், எங்கே மௌனமாக இருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

கதை என்ன?

கிரெட்டா (கீரா நைட்லி) இங்கிலாந்திலிருந்து வந்தவள். தானே பாட்டு எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுபவள். காதலன் டேவுக்கு (ஆடம் லெவீன்) இசை நிறுவனத்தில் ஒப்பந்தம் கிடைக்க, இருவரும் நியூயார்க் வருகிறார்கள். டேவுக்குப் புகழ் வருகிறது. கூடவே இன்னொரு பெண்ணும் வருகிறாள். உடைந்துபோன கிரெட்டா, தெருவில் பாடிப் பிழைக்கும் நண்பன் ஸ்டீவின் (ஜேம்ஸ் கார்டன்) சின்ன வீட்டில் ஒதுங்குகிறாள். ஊர் திரும்ப முடிவு செய்துவிட்ட நிலையில் ஸ்டீவ் அவளை ஒரு பாருக்கு இழுத்துப்போய், வற்புறுத்தி மேடையேற்றிப் பாட வைக்கிறான்.

அந்த பாரில் குடித்துக்கொண்டிருப்பவன் டேன் (மார்க் ரஃபலோ). ஒரு காலத்தில் பெரிய பெயர் எடுத்த இசைத் தயாரிப்பாளன். நண்பன் சாலோடு (யாசீன் பே) சேர்ந்து தொடங்கிய நிறுவனத்திலிருந்தே அன்றுதான் அவனை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். மனைவி மிரியமை (கேத்தரின் கீனர்) பிரிந்து வாழ்கிறான். மகள் வயலட்டோடு (ஹெய்லி ஸ்டெய்ன்ஃபெல்ட்) சரியாகப் பேசத் தெரியவில்லை. கிரெட்டாவின் பாட்டைக் கேட்டதும் இதை ஆல்பமாகப் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சரி, நகரமே ஸ்டூடியோ ஆகட்டும் என்று இறங்குகிறார்கள்.

டேன் 'தயாரிப்பாளர்' என்றால், பணம் போடுபவரா?

இல்லை. நமக்குத் தயாரிப்பாளர் என்றதும் சினிமாவுக்கு முதல் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். அதனால் இந்தக் குழப்பம் சகஜம். இசைத் தயாரிப்பாளரின் வேலை வேறு. பாடகர் ஒரு கிதாரும் குரலுமாகப் பாட்டைக் கொண்டு வருவார். அதில் டிரம்ஸ் எங்கே நுழைய வேண்டும், எந்த வாத்தியம் சேர வேண்டும், எது வேண்டாம், பாடியதில் எந்தப் பதிவை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர். நம் இசையமைப்பாளர் மெட்டும் போட்டு வாத்தியச் சேர்ப்பும் செய்வார் அல்லவா, அதில் மெட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி இவர் வேலை. டேனுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது: புதிய திறமைகளைத் தேடிப் பிடித்து நிறுவனத்துக்குக் கொண்டு வருவது. படத்தின் ஆரம்பத்தில் அவன் காரில் போய்க்கொண்டே புதியவர்களின் பாடல் சிடிகளைப் போட்டுப் போட்டுக் கேட்டுத் தூக்கி எறிவது அதனால்தான்.

பாரில் அவள் பாடும் காட்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

என்னைக் கேட்டால் படத்தின் உயிரே இந்தக் காட்சிதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நாம் அந்தப் பாட்டை ஒரு கூட்டத்தில் நிற்பவரைப் போலக் கேட்கிறோம். மேடையில் கூச்சத்தோடு ஒரு பெண். கிதார் மெல்ல ஒலிக்கிறது. பாரில் பேச்சுச் சத்தம் குறையவில்லை. பாட்டு முடிகிறது, கைதட்டல் பெரிதாக இல்லை. பாட்டு சுமார்தான் என்றே நமக்கும் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே எடுத்திருக்கிறார்கள்.

பிறகு டேனின் அன்றைய நாள் முழுவதையும் காட்டிவிட்டு அதே பாருக்கு நம்மை மறுபடி கூட்டி வருகிறார் கார்னி. இப்போது அதே பாட்டை டேனின் காதால் கேட்கிறோம். அவளுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் கிடக்கும் வாத்தியங்கள் தாமாகவே வாசிக்கத் தொடங்குகின்றன. டிரம்ஸ் குச்சிகள் அசைகின்றன, பியானோ கட்டைகள் தாமாக அழுந்துகின்றன, செல்லோவின் (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) மேல் வில் நகர்கிறது, வயலின் சேர்கிறது. அவள் பாடுவதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சற்று முன் சாதாரணமாகப் பட்ட மெட்டு, தாளமும் செல்லோவின் நீண்ட சுரங்களும் அடியில் தாங்கியதும் எழுந்து நிற்கிறது. வயலின் வரிகளுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. மற்றவர்கள் எல்லாம் இருப்பதைக் கேட்டார்கள். டேன் அதில் இல்லாததையும் சேர்த்துக் கேட்டான். வேலை போய், குடும்பம் பிரிந்து, குடிபோதையில் தள்ளாடும் ஒருவனிடம் இந்தக் காது மட்டும் கெடாமல் இருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

அதன் பிறகு கிரெட்டாவின் பக்கத்துக் கதை. டேவோடு நியூயார்க் வந்தது, சந்தோஷமாக இருந்தது, பிரிந்தது, எல்லாம் தெரிந்த பிறகு மறுபடியும் அந்த மேடை. இப்போது அந்தப் பாட்டின் சொற்கள் நமக்குப் புரிகின்றன. யாரைப் பற்றிய பாட்டு, ஏன் அந்தக் கூச்சம் என்று தெரிகிறது. முதல் தடவை அசட்டையாகக் கேட்டதற்கு எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியே வந்தது.

கீரா நைட்லி தானே பாடினாரா?

ஆம், அவருடைய சொந்தக் குரல்தான். இந்தப் படத்துக்காகப் பாடவும் கிதார் வாசிக்கவும் பழகினார். கணவர் ஜேம்ஸ் ரைட்டன் 'கிளாக்சன்ஸ்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவில் இருந்தவர் என்பதால் வீட்டிலேயே உதவி இருந்தது. பயிற்சி பெற்ற பாடகியின் குரல் அல்ல அது. மெல்லிசாக, காற்று கலந்து, சில இடங்களில் தயங்கி வரும். பாட்டை எழுதுவதுதான் தன் வேலை, பாடுவது அல்ல என்று நினைக்கும் கிரெட்டாவுக்கு அந்தக் குரல் பொருந்தித்தான் போகிறது.

எதிர்ப்பக்கம் ஆடம் லெவீன் 'மரூன் 5' குழுவின் பாடகர். திரைப்படத்தில் நடித்தது இதுதான் அவருக்கு முதல் முறை. பெரிய அரங்கை ஒற்றைக் குரலால் கட்டிப்போடுகிறவர் அவர், பக்கத்தில் நிற்பவருக்குப் பாடுவதுபோல் பாடுகிறவள் கிரெட்டா. கதைக்கு வேண்டிய வித்தியாசம் குரல்களிலேயே அமைந்துவிட்டது.

பாடல்கள் யாருடையவை? ஆஸ்கர் கிடைத்ததா?

பெரும்பாலான பாடல்களில் கிரெக் அலெக்சாண்டரின் பங்கு இருக்கிறது. 1998இல் 'நியூ ராடிகல்ஸ்' குழுவின் மூலம் ஒரு பெரிய வெற்றிப் பாடலைத் தந்துவிட்டு, மறு வருடமே குழுவைக் கலைத்து மேடையிலிருந்து விலகி, பிறருக்குப் பாட்டு எழுதப் போனவர். டேனியல் பிரிஸ்பாய், க்ளென் ஹான்சார்ட் உள்ளிட்டவர்களும் பங்களித்திருக்கிறார்கள்.

அலெக்சாண்டரும் பிரிஸ்பாயும் எழுதிய 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரையில் இடம்பிடித்தது. 2015 பிப்ரவரியில் நடந்த விழாவில் லெவீன் அதை மேடையில் பாடினார். விருது 'செல்மா' படத்தின் 'க்ளோரி' பாடலுக்குப் போனது.

தெருவில் மைக் வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்வது நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் படத்தில் காட்டுகிற அளவுக்குச் சுலபம் அல்ல. ஸ்டூடியோ அறை என்பதே வெளிச்சத்தத்தை அடைத்து நிறுத்தவும், ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றின் மைக்கில் விழாமல் பிரித்துவைக்கவும் கட்டப்படுவது. வெளியே போனால் இரண்டுமே போய்விடும். காற்று மைக்கில் மோதினால் தடதடவென்று அடிநாதம் கேட்கும். அதற்குப் பஞ்சு உறையோ ரோம உறையோ போட வேண்டும். டிரம்ஸ் சத்தம் பாடகியின் மைக்கிலும் விழுந்துவிட்டால், பிறகு குரலை மட்டும் தனியாக எடுத்துத் திருத்துவது கடினம். இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் பதிவில் ஒரு லாரி போயிருக்கும், இரண்டாவதில் அது இருக்காது. இரண்டையும் வெட்டி ஒட்டினால் பின்னணிச் சத்தம் பாதியில் அறுந்து ஒட்டு தெரிந்துவிடும். ஆகவே எல்லோரும் சேர்ந்து, ஆரம்பம் முதல் கடைசி வரை, ஒரே மூச்சில் சரியாக வாசித்தாக வேண்டும்.

படத்தில் எனக்குப் பிடித்ததே அந்தச் 'சேர்ந்து வாசிப்பது'தான். குழந்தைகளின் பாலே வகுப்பில் அலுப்போடு பியானோ வாசிக்கும் ஒருவர், இசைக் கல்லூரி மாணவர்கள், டேன் முன்பு வளர்த்துவிட்ட நட்சத்திரப் பாடகர் (சீலோ கிரீன்) அனுப்பிவைக்கும் வாத்தியக்காரர்கள் என்று ஒரு கூட்டம் சேர்கிறது. ஒரு சந்தில் பதிவு நடக்கும்போது பிள்ளைகள் விளையாடிச் சத்தம் போடுகிறார்கள். டேன் அவர்களை விரட்டவில்லை. பேரம் பேசிச் சமாதானம் செய்து, கடைசியில் அவர்களையே பின்பாட்டுப் பாட வைத்துவிடுகிறான். சென்ட்ரல் பூங்காவின் ஏரி, சுரங்க ரயில் நடைமேடை, எம்பயர் ஸ்டேட் கட்டிடம் தெரியும் மொட்டைமாடி என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2012 கோடையில் நியூயார்க்கிலேயே எடுத்த படம் என்பதால் அந்த வெயிலும் தெருவும் நிஜம்.

மொட்டைமாடிக் காட்சியை மட்டும் கவனமாகப் பாருங்கள். மகளுக்கு வாசிக்க வராது என்றுதான் டேன் நினைத்துக்கொண்டிருப்பான். வயலட் எலக்ட்ரிக் கிதாரோடு ஓரமாக நிற்கிறாள், தயங்குகிறாள், பிறகு நுழைகிறாள். பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருக்கும் அப்பாவின் முகத்தை அப்போது பாருங்கள். (அந்தப் பெண் ஹெய்லி ஸ்டெய்ன்ஃபெல்ட், படம் வெளியான மறு வருடமே நிஜத்திலும் பாடகியாகப் பாட்டு வெளியிட்டார்.)

ஹெட்போன் காட்சியில் அவர்கள் பயன்படுத்துவது என்ன?

அது ஸ்ப்ளிட்டர். ஒரே கருவியில் இரண்டு ஹெட்போன்களைச் செருக உதவும் சின்ன இரட்டை இணைப்பு. டேனும் அவன் மனைவியும் முதன்முதலாக வெளியே போன நாளின் நினைவாக அவனிடம் இருப்பது. கிரெட்டாவும் டேனும் தங்கள் பாட்டுப் பட்டியலை ஒருவருக்கொருவர் காட்டியபடி இரவு முழுக்க நகரத்தைச் சுற்றுகிறார்கள். ஃபிராங்க் சினாட்ரா, ஸ்டீவி வொண்டர் என்று பாட்டு மாற மாற, எதிரே நடந்து போகிறவர்கள்கூட அந்தத் தாளத்துக்கு நடப்பதுபோல் தெரிகிறது. ஒருவரின் பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் ஆளையே தெரிந்துகொள்ளலாம் என்பது டேனின் கட்சி. கிரெட்டா தன் பட்டியலைக் காட்ட முதலில் வெட்கப்படுகிறாள். யாரிடமாவது அப்படிக் காட்டியவர்களுக்கு அந்த வெட்கம் தெரியும்.

டேவ் எதுவும் சொல்லவில்லையே, இன்னொரு பெண் இருப்பது கிரெட்டாவுக்கு எப்படித் தெரிந்தது?

பாட்டைக் கேட்டுத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் போய்வந்த டேவ் அங்கே எழுதிய புதுப் பாட்டை ஆசையாகப் போட்டுக் காட்டுகிறான். கிரெட்டா முதலில் புன்னகையோடுதான் கேட்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறுகிறது. எழுந்து வந்து பளாரென்று ஒரு அறை. பாட்டு தனக்காக எழுதப்பட்டதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனும் மறுக்கவில்லை. பொய் சொல்லத் தெரிந்தவனுக்கும் பாட்டில் மறைக்க முடியவில்லை. பாரில் டேன் கேட்ட விதமும் இவள் இங்கே கேட்கிற விதமும் ஒரே வகைக் காதுதான். இவர்கள் இருவரும் ஏன் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

டேனும் கிரெட்டாவும் காதலிக்கிறார்களா?

நெருங்கி வருகிறார்கள். ஒரு நொடி இரண்டு பேருக்குமே அது தோன்றவும் செய்கிறது. படம் அந்தப் பக்கம் போகவில்லை, போகாததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கார்னியின் 2007 படமான 'ஒன்ஸ்' பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதிலும் ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட்டு செய்து, பிறகு அவரவர் வழியில் போவார்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்காவில் 'ஆர்' சான்று (17 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் பார்க்கலாம்). காரணம் கெட்ட வார்த்தைகள். சண்டையோ ஆபாசக் காட்சியோ இல்லை. குடிக்கும் காட்சிகள் உண்டு. பதின்பருவப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம்.

கடைசிக் கச்சேரியில் என்னதான் நடக்கிறது?

இங்கிருந்து முடிவு வெளியே வரும். பார்க்காதவர்கள் இதையும் அடுத்த கேள்வியையும் தாண்டிப் போய்விடுங்கள்.

'லாஸ்ட் ஸ்டார்ஸ்' கிறிஸ்துமஸுக்கு டேவுக்குப் பரிசாகக் கிரெட்டா எழுதிய பாட்டு. அவள் கையில் அது ஒரு கிதார், ஒரு குரல். டேவ் தன் ஆல்பத்தில் அதைப் பெரிய அரங்குக்கான பாட்டாக ஊதிவிடுகிறான். இத்தனை சத்தத்தில் பாட்டே காணாமல் போய்விட்டது என்று அவள் அவனிடம் நேராகவே சொல்கிறாள். அப்புறம் அவன் தன் கச்சேரிக்கு அழைக்கிறான், அவள் சொன்ன மாதிரியே பாடுவதாக. கிராமர்சி அரங்கு. அவள் மேடையோரம் வந்து நிற்கிறாள். அவன் மெதுவாகத் தொடங்குகிறான், அவள் முகம் மலர்கிறது. பாட்டு ஏறுகிறது, அவன் குரல் உச்சத்துக்குப் போகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அவள் கண் கலங்க, கூட்டத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பிறகு வெளியேறி, இரவில் சைக்கிளில் போகிறாள்.

அவன் வாக்கு மீறிவிட்டான் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தப் பாட்டு இப்போது அவனுடையதாகவும் அந்தக் கூட்டத்துடையதாகவும் ஆகிவிட்டது. அது நன்றாகவும் இருக்கிறது. அதை அவள் ஒப்புக்கொள்கிறாள், அதனாலேயே அவளால் கிளம்ப முடிகிறது. சைக்கிளில் போகும்போது அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

டேன் மனைவியிடம் திரும்புகிறான். அந்தப் பழைய ஸ்ப்ளிட்டர் மறுபடி அவர்கள் இருவருக்குமாகிறது.

ஆல்பத்தை ஏன் ஒரு டாலருக்கு விற்கிறார்கள்?

விற்கும் காசில் பெரும்பங்கு நிறுவனத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கிரெட்டா முன்பே சாலிடம் கேட்டுவிடுகிறாள். பதிவு செய்தது இவர்கள், வாசித்தது இவர்கள், செலவும் இவர்களுடையது. ஒப்பந்தம் கைக்கு எட்டியபோதும் அவள் மறுத்து, இணையத்தில் ஒரு டாலருக்கு வெளியிட்டு, வந்ததைப் பங்கேற்ற எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறாள். முதல் நாளே 10,000 விற்கிறது. 2014இல் இது நம்பக்கூடிய கனவாக இருந்தது. மாதச் சந்தாவில் எல்லாப் பாட்டும் கேட்கும் பழக்கம் வந்துவிட்ட இன்று, பார்க்கும்போது அந்தக் காட்சி மட்டும் கொஞ்சம் பழசாகிவிட்டது.

படம் ஓடியதா?

நன்றாகவே. சுமார் 80 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தென் கொரியாவில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்கில் பார்த்தார்கள்.

இயக்குநர் கீரா நைட்லியைக் குறை சொன்னாராமே?

2016இல் ஒரு பேட்டியில் அவருடைய நடிப்பைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். சில நாளிலேயே வெட்கப்படுகிறேன் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திரையில் கிரெட்டாவைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு அநியாயமாகத்தான் படும்.

படத்தில் குறையே இல்லையா?

உண்டு. டேனின் குடிப்பழக்கம் பாட்டு கிடைத்ததும் ஏதோ தானாகக் குறைந்துவிடுவதுபோல் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மிரியமுக்கு இன்னும் இரண்டு காட்சியாவது தந்திருக்கலாம். இசைப் பத்திரிகையாளர், படத்தில் நன்றாகக் கேட்கத் தெரிந்த மூன்றாவது ஆள் அவர். தெருவில் பதிவான பாட்டுகள் எல்லாம் ஸ்டூடியோத் துல்லியத்தில் ஒலிப்பதும் உறுத்துகிறது. அந்தச் சந்தின் சத்தம் பாட்டுக்குள் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

பாடல்களை மட்டும் கேட்க நினைத்தால் எங்கே தொடங்குவது?

படம் பார்த்த பிறகு கேளுங்கள். 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' கீரா நைட்லி குரலிலும் ஆடம் லெவீன் குரலிலும் தனித்தனியாக இருக்கிறது. முதலில் நைட்லி பாடியதை ஹெட்போனில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். உடனே லெவீன் பாடியதைப் போடுங்கள். அவர் கடைசிப் பல்லவியில் குரலை மேல் ஸ்தாயிக்குத் தூக்கும் இடம் வரும். அங்கே கிரெட்டா மேடையோரம் நின்ற முகம் உங்களுக்கு நினைவுக்கு வரும்.